தலையணை உறைக்குள் என்ன?

சென்ற மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். விளையாட்டின் வழியே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் சிந்தனைத் திறனை வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. அழைத்தவள் நித்யா, எங்கள் ஒன்றியத்தில் இப்போது வேலை பார்க்கும் இளம் ஆசிரியை. "டீச்சர், நீங்கதான் எங்களுக்கெல்லாம் முன்னோடிங்க. ஒரு இருவது நிமிஷம் பேசுனாப் போதுமுங்க" என்றாள். முன்னோடி என்று ஒருவர் சொன்ன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அருவங்காட்டிலிருந்து குன்னூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. அதைத் தட்டிக் கொட்டிப் பார்த்ததில் என் இருபது நிமிடம் எட்டாகச் சுருங்கியது. ஆறாவது நிமிடத்தில் போண்டா வந்துவிட்டது. இந்தக் குளிரில் சூடான போண்டாவோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. என் வெற்றிகளை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு, எனக்குரிய போண்டாவைத் தேடி மேடையை விட்டு இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நித்யா கூட வந்தாள். "ஏனுங் டீச்சர், தப்பு ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா? அதச் சொல்லியிருந்தா எங்களுக்கு இன்னும் உபயோகமா இருந்திருக்குமுங்க" என்றாள். வாய்த்துடுக்கைப் பாருங்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பஸ் வெலிங்டன் தாண்டுவதற்குள் கோபம் போய், என்னிடம் படித்த தர்ஷினியின் ஞாபகம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். ஆசிரியர் பயிற்சி கோயம்புத்தூரில். இரண்டு வருடத்தில் அங்கே நான் உருப்படியாகக் கற்றது, அட்டையைப் பிசிறில்லாமல் வெட்டுவதும் பசைக் கையைச் சேலையில் துடைக்காமல் இருப்பதும்தான். கல்யாணமானது. வீட்டுக்காரருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, எனக்கும் மலையில் வேலை கிடைத்தது. முதலில் சோலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சுற்றிலும் கேரட் தோட்டம். கையில் எடுத்து எண்ணிப் பார்த்தால் கணக்கு புரியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள் அல்லவா, ஆளுக்குப் பத்துப் பிஞ்சுக் கேரட்டைக் கொடுத்து, "பத்துல மூணு போனா எவ்வளவு?" என்று கரும்பலகையில் எழுதித் திரும்பினேன். பத்தில் பத்தும் போயிருந்தது. ஒருவன் மட்டும் எழுந்து நின்று, மென்றபடியே, "பூஜ்யம் டீச்சர்" என்றான். அவனிடம் இருந்த சரக்கை வைத்துப் பார்த்தால் விடை சரிதான்.

தின்னக் கூடிய பொருளை விளையாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தைலமரக் காய்க்கு மாறினேன். எங்கும் உதிர்ந்து கிடக்கும், கைக்கு அடக்கமாக இருக்கும், நாக்கில் வைத்தால் பிள்ளைகளே துப்பிவிடுவார்கள்.

அந்தக் காயை வைத்துத்தான் நான் கொஞ்சம் பேர் வாங்கினேன். அப்போது குன்னூருக்கும் ஜெகதளாவுக்கும் இடையில் ஓர் எஸ்டேட்டை ஒட்டிய சின்னப் பள்ளிக்கு வந்திருந்தேன். இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் அறை, நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் அறை. விளையாட்டு இதுதான். நடுவில் இருபத்தொரு காய். இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு, அல்லது மூன்று காய் எடுக்கலாம். கடைசிக் காயை எடுக்க வேண்டி வருபவர் தோற்றார். ஒரு வருடம் இதை நடத்திய பிறகு ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி என்னிடம், "எதிராளிக்கு அஞ்சு காய மிச்சம் வெச்சுட்டாப் போதுமுங்க டீச்சர். அவங்க என்ன எடுத்தாலும் செத்தாங்க" என்று விளக்கினாள். அதுவரை எனக்கே அது தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

தலைமையாசிரியர் போஜன் சார் நீலகிரிப் படுகர். என்னைவிட மூன்று வயது சின்னவர். அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை, அவரையும் மறக்க விட்டதில்லை. ஜூன் முதல் பிப்ரவரி வரை குல்லாவும் மஃப்ளரும் அவர் உடம்பை விட்டு இறங்காது. காலையில் வாசலில் நின்று நனைந்த குடைகளை எண்ணியே வருகையைச் சொல்லிவிடுவார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பழக்கம் உண்டு. எந்தத் தாளாக இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். இன்னொன்று, யார் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்பார். "இன்னைக்கு மழை வருமுங்க சார்" என்றால், "எப்படித் தெரியும்ங்க டீச்சர்?" சத்துணவுக்கார அம்மா "சாம்பார்ல உப்புச் சரியா இருக்குங்" என்றால், "எப்படித் தெரியும்மா?" கேலியாகக் கேட்பதில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வரும்.

காய் விளையாட்டை விடவும் எனக்குப் பெருமை தேடித் தந்தது உறை விளையாட்டு. வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பழைய தலையணை உறை. அதற்குள் ஒரு பொருளை யாருக்கும் தெரியாமல் போட்டு மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். பிள்ளைகள் அரைவட்டமாக உட்காருவார்கள், குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். ஒருவர் மாற்றி ஒருவருக்கு முறை வரும். அவர் கேள்வி கேட்க வேண்டும். நான் 'ஆமாம்', 'இல்லை' இரண்டைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன். எட்டுக் கேள்விக்குள் பொருளைச் சொன்னால் வெற்றி.

ஆரம்பத்தில் திணறினார்கள். நாலைந்து மாதத்தில் பிள்ளைகள் அசுர வேகம் பிடித்தார்கள். ஐந்து கேள்வி, நான்கு கேள்வி! இரண்டாம் வகுப்பு சஞ்சய் ஒரு தடவை மூன்றே கேள்வியில் ஊக்கு என்று சொன்னான். பார்வையிட வந்த அதிகாரி அசந்து போனார். "எப்படிம்மா இவ்வளவு சின்னப் பசங்க இப்படி யோசிக்கறாங்க?" என்று செல்போனில் படமெல்லாம் எடுத்துக்கொண்டார். பொருள்களை மனசுக்குள் வகை வகையாகப் பிரிக்கிறார்கள் என்று விளக்கிவிட்டு, நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்குப் போய் அடக்கமெல்லாம் இல்லாமல் வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் அளந்தேன்.

அந்த வகுப்பில் இந்த விளையாட்டு வராத ஒரே பிள்ளை தர்ஷினி. அப்பா செல்வராஜ் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். தர்ஷினி ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் இருந்தாள், அப்போது மூன்றாம் வகுப்பு. வயதுக்கு உயரம், அதனால் கடைசி வரிசை. கரும்பலகையைப் பார்த்து எழுத மாட்டாள், பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவாள். காப்பி அடிக்கிறாள் என்று திட்டுவேன். கிட்டே போனால் தலையைக் குனிந்துகொள்வாள். உறை விளையாட்டில் அவள் முறை வந்தால், மற்றவர்கள் "சீப்பா? ஸ்பூனா?" என்று பட்பட்டென்று அடிக்கும்போது இவள் மட்டும், "அது தண்ணியில மெதக்குமாங்க டீச்சர்?", "அது எல்லார் ஊட்லயும் இருக்குமாங்க?" என்று எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துவார்கள். எட்டுக் கேள்வி தீர்ந்துவிடும். அவள் பேருக்கு நேரே எப்போதும் முட்டைதான்.

மூன்றாம் வகுப்பிலும் இப்படியே இருந்ததால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கீழே கோயம்புத்தூரில், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு சிறப்புப் பள்ளியில் இடம் இருந்தது. வகுப்பாசிரியர் ஒரு படிவம் எழுதி, பெற்றோரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

புதன்கிழமை பெற்றோர் வந்தார்கள். செல்வராஜ் கையெழுத்துப் போடும்போது, "அங்க போனாப் புள்ள தேறிருமாங்க டீச்சர்?" என்று கேட்டார். அவர் மனைவி பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "லயத்து வீட்ல கரண்டு போயிருச்சுன்னா எல்லாத்தையும் அவதான் எடுத்துத் தருவா டீச்சர். எது எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். புத்தி இல்லாத புள்ள அப்படிச் செய்யுமா?" என்றார். பிறகு சத்தமே வராமல், "எட்டு வயசுதான ஆகுது. என்னைய ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குவா" என்றார். எல்லா அம்மாக்களும் தங்கள் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் படிவத்தைப் போஜன் சாரிடம் கொடுத்தேன். வழக்கம்போல் சத்தமாகப் படித்தார். "கேள்விகளுக்கு விடை காண்பதில் மிகுந்த தாமதம். முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆசிரியர் வேடிக்கையாகப் பேசி மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பதில்லை. புரிந்துகொள்ளும் திறன் குறைவு." அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

"எப்படித் தெரியும்ங்க டீச்சர்?"

"ரெண்டு வருஷமா என் கண்ணு முன்னாடி இருக்கற பொண்ணுங்க சார்."

"அது சரிங்க. புரியலைன்னு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தன பிள்ளைங்க நாலு கேள்வியில சொல்றத இவ எட்டுலயும் சொல்லலீன்னா வேற என்னங்க சார் அர்த்தம்?" என்றேன். அவர் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குங்களே" என்றார். நான் பிள்ளை பெற்ற காலத்தில் இவர் கல்லூரியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார், எனக்குப் பாடம் எடுக்கிறார் என்று மனசுக்குள் பொரிந்தேன்.

மறுநாள் வியாழன். ஜூலை மாதம் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்தே மழை. பதினோரு மணிக்குக் கரண்டு போயிற்று. பிறகு மூடுபனி கதவு வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. முன் வரிசை தெரிகிறது, பின் வரிசை வெறும் ஸ்வெட்டர் நிறங்கள். எனக்கோ பல்வலி. சால்வையைக் கன்னத்தைச் சுற்றி மூக்கு வரைக்கும், குல்லாவைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். எழுத்து வேலை எதுவும் ஓடாது, உறை விளையாட்டு விளையாடலாம் என்றேன். ஒரே கூச்சல், கும்மாளம். கரண்டு இல்லையே என்று எடுத்து வைத்திருந்த பாதி எரிந்த மெழுகுவத்தியை உறைக்குள் போட்டேன்.

முதலில் சஞ்சய். "சாவியா?" இல்லை. "பூட்டா?" இல்லை. "பொம்மையா?" எட்டும் போயிற்று. அடுத்து ஒரு சிறுமி, அவளும் காலி. ஐந்து பேர் வரிசையாகத் தோற்றார்கள். என் பள்ளிக்கூடத்துச் சூரர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து தர்ஷினி முறை.

"அது நாளாக ஆகப் பெருசாகுமாங்க டீச்சர்?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்லை."

"சின்னதாகுமாங்க?"

"ஆமாம்."

"தண்ணியில கரையுமாங்க?"

"இல்லை."

"அத வெச்சு எழுதுவாங்களா?"

"இல்லை."

"அழிப்பாங்களா?"

"இல்லை."

அவள் தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. "சோப்பு இல்ல. பென்சில் இல்ல, சாக்பீஸ் இல்ல. ரப்பர் இல்ல." பிறகு சத்தமாக, "மெழுகுவத்திங்க டீச்சர்" என்றாள்.

ஐந்து கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கூடைப் பொருளை அப்படியே ஓரம் கட்டியிருந்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. மெழுகுவத்தியை வெளியே எடுத்துக் காட்டினேன். உடனே சஞ்சய் எழுந்துவிட்டான்.

"இது போங்கு ஆட்டமுங்க டீச்சர். இன்னைக்கு உங்க மூஞ்சியே தெரியலீங்க. நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"என் மூஞ்சிக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பொழிந்து தள்ளினார்கள். தப்பாகக் கேட்டால் டீச்சருக்குப் புருவம் மேலே போகும். கிட்டத்தில் வந்தால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டால் உறையை இறுக்கிப் பிடிப்பார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆன ஒரு வாண்டு எழுந்து அதை நடித்தே காட்டியது. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பிள்ளைகள் பொருள்களை மனசுக்குள் வகை பிரிக்கிறார்கள் என்று நான் அதிகாரிக்கு விளக்கம் சொன்னேனே, அவர்கள் இவ்வளவு காலமும் ஆராய்ச்சி செய்தது என் மூஞ்சியை. அதில் கைதேர்ந்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் போஜன் சாரிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு மட்டும் ஏன் உங்க மூஞ்சியப் பாக்கலைங்க டீச்சர்?" என்றார். பிறகு, "அவளுக்கு அது தெரியறதே இல்லையோ என்னவோ" என்றார்.

"எப்படிங்க சார் தெரியும்?" என்றேன். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கும் பாக்கியம் எனக்கு அன்றுதான் கிடைத்தது.

"தெரியாதுங்க. நாளைக்குப் பாத்துரலாம்."

வெள்ளிக்கிழமை பளிச்சென்று வெயில். காலை முதல் மணி அடித்ததும் போஜன் சார் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், மஃப்ளரைச் சரிசெய்தார். பிறகு, எத்தனையோ ஆய்வுகளைக் கண்ட அந்த மனிதர், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு முழு நாக்கையும் வெளியே நீட்டினார்.

ஒரு விநாடி யாரும் நம்பவில்லை. அடுத்த விநாடி கூரை பறந்துவிடும் போல் ஆயிற்று. சஞ்சய் நின்ற இடத்திலேயே தரையில் விழுந்து புரண்டான். தர்ஷினி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தலைமையாசிரியருக்கு முன் நிற்க வேண்டிய மரியாதையோடு நின்றாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து, "ஏன் சிரிக்கறீங்க? என்னாச்சு?" என்று கேட்டாள்.

வாசலுக்கும் அவளுக்கும் நடுவே பதினைந்து அடிகூட இருக்காது.

போஜன் சார் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன். கண்ணாடிக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து, மறுபடி ஒரு தடவை முழுக்கச் சத்தமாகப் படித்தார். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. படித்து முடித்து என்னிடம் நீட்டினார். நானே கிழித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை செல்வராஜ் லீவு போட்டார். நானும் கூடப் போனேன், அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு. எழுத்து அட்டைக்கு எதிரே தர்ஷினியை உட்கார வைத்ததும் மளமளவென்று ஒரு வரிசையை ஒப்பித்தாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ சொல்ற ஒரு எழுத்துகூட இதுல இல்லியே சாமி?" என்றார். அப்புறம்தான் வெளியே வந்தது. வருடா வருடம் பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம், முன்னால் நிற்கும் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து, தன் முறை வரும்போது அப்படியே சொல்லியிருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். புரிந்துகொள்ளும் திறன் குறைவு என்று நான் எழுதியது இவளைப் பற்றித்தான்.

பார்வை மைனஸ் நாலரை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த செல்வராஜ், "எம்புள்ளைக்குப் புத்தி இல்லைன்னு நாங்களே நம்பிட்டமே டீச்சர்" என்றார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கண்ணாடி வர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் உறை விளையாட்டை மாற்றினேன். பதில் சொல்பவர் பீரோவுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அது நானாக இருந்தாலும் சரி. பொருளின் பெயரைச் சொன்னால் போதாது, எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி விதி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. சூரர்கள் எல்லாம் கவிழ்ந்தார்கள். மூன்று கேள்வி சஞ்சய்க்கு எட்டும் போதவில்லை. கெஞ்சிக் கூத்தாடி தர்ஷினியிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். நித்யா, உன் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள ஏதாவது வேண்டுமானால் இதை எழுதிக்கொள்.

கண்ணாடி வந்த அன்று அவள் கொஞ்சம் தாமதமாக வந்து வாசலில் நின்றாள். பழுப்பு பிரேம், மூக்கைவிடப் பெரியது. நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். "ஏண்டி, கலெக்டரம்மா இப்பத்தான் எந்திரிச்சு வர்றீங்களோ? உனக்குன்னு தனியா மணி அடிக்கணுமாக்கும்? உள்ள வா, தோலை உரிக்கறேன்!"

பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். தர்ஷினி பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டீச்சர்" என்றாள். "நீங்க சிரிச்சுட்டேதான் திட்டுவீங்களா?"

"ஆமாஞ்சாமி."

"ஒண்ணாப்புல இருந்தேவா?"

தலையை ஆட்டினேன். அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மற்ற பிள்ளைகள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, தனியாகச் சிரித்தாள்.